நாயனம் கும்பகோணத்தில், படம் சென்னையில்: ஐஎஸ்டிஎன் லைனில் நான் பட்ட பாடு

மாயவரம் பக்கம் வீட்டு மாடியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ போட்டிருக்கும் ஒரு தம்பி போன மாதம் என்னிடம் கேட்டான். "அண்ணே, சென்னையில டைரக்டர் படத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பாராம். நான் இங்க வாத்தியக்காரரை உட்கார வச்சு அதுக்கு வாசிக்க வைக்கணுமாம். பைபர் போட்டாச்சு, நெட் ஜோரா இருக்கு. வேற என்ன வேணும்?" போனிலேயே பதில் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது, அவன் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருந்தான் போல, பாதியில் விட்டுவிட்டோம். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் இந்த வேலையில் இறங்கியபோது பைபரும் கிடையாது, கேட்டுத் தெரிந்துகொள்ள டெல்டாவில் ஒரு ஆளும் கிடையாது. ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் டெலிபோன் லைன் மட்டும்தான் இருந்தது. அந்த லைன் வழக்கொழிந்துவிட்டது. அதில் பணத்தைக் கொட்டி நான் தெரிந்துகொண்ட விஷயங்கள் இன்றைய பைபருக்கும் பொருந்துகின்றன.

2000-களின் தொடக்கம். கும்பகோணத்தில் சுவாமிமலை சாலையில் என் ஸ்டுடியோ. பக்திப் பாடல் கேசட், பள்ளி ஆண்டு விழா, தேர்தல் வந்தால் ஆட்டோ பிரச்சாரம், இப்படித்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அப்போது சென்னையிலிருந்து ஒரு வேலை வந்தது. கோயில் திருவிழாவைப் பற்றிய ஒரு படம். தம்புரா, வயலின் கூட்டமெல்லாம் அங்கேயே பதிவாகிவிட்டது. நாகஸ்வரமும் தவிலும்தான் பாக்கி. இசையமைப்பாளர் கேட்ட வித்வான் திருவாவடுதுறைப் பக்கத்துக்காரர். தை பிறந்துவிட்டால் காலையில் ஒரு முகூர்த்தம், ராத்திரி ஒரு கோயில் என்று அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சென்னைக்கு வந்து போக முடியாது என்று சொல்லிவிட்டார். "அப்ப நீங்க அங்கேயே பதிவு பண்ணுங்க, நாங்க லைன்ல கேட்கிறோம், படத்தோட சேர்த்துப் பார்த்து ஓகே சொல்றோம். வெளிநாட்டுல டப்பிங்கெல்லாம் இப்படித்தான் நடக்குது. லைனை மாட்டினா முடிஞ்சது" என்றார்கள் அந்த ஸ்டுடியோக்காரர்கள். வெளிநாட்டில் நடந்தது உண்மைதான். 1990-களிலேயே அமெரிக்க, ஐரோப்பிய ஸ்டுடியோக்கள் இதே மாதிரி லைனில் குரல் பதிவு செய்துகொண்டிருந்தன. ஆனால் லைனை மாட்டுவதோடு முடியும் விஷயம் இல்லை இது. லைன் டெபாசிட், சத்தத்தைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் கோடெக் கருவியின் வாடகை முன்பணம் எல்லாம் சேர்ந்து ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. அதில் பாதி மனைவியின் நகை.

முதலில் லைன். ஐஎஸ்டிஎன்னின் சாதாரண இணைப்பில் தலா 64 கிலோபிட் வேகத்தில் இரண்டு சேனல்கள் இருக்கும், அழைப்பை ஏற்படுத்தும் சமிக்ஞைக்கு 16 கிலோபிட்டில் இன்னொன்று. வருவதென்னவோ பழைய செம்புக் கம்பி ஜோடியில்தான். அந்தக் கம்பி சுமார் 5.5 கிலோமீட்டருக்கு மேல் நீண்டால் இணைப்பு தாங்காது. அது ரோட்டு தூரம் இல்லை, கேபிள் சுற்றிக்கொண்டு வரும் தூரம். வழியில் யாருக்காவது பேரலல் இழுத்து அந்தத் துண்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தாலும் சிக்கல். சாதாரணப் போனில் பேச்சு கேட்கும், டிஜிட்டலில் பிழையாக வந்து கொட்டும். நான் லைனுக்கு எழுதிக் கொடுத்தது கார்த்திகை மழையில். தெருவோரம் கேபிள்களைச் சேர்க்கும் பில்லர் பெட்டிக்குள்ளேயே தண்ணீர். லைன்மேன் நல்ல மனிதர், ஜாயிண்டை எல்லாம் பிரித்துக் காயவைத்துத் திரும்பக் கட்டினார். அப்படியும் மழை வலுத்த அன்றெல்லாம் இணைப்பு அறுந்தது. இன்னொன்று, சாதாரணப் போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும், வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். ஐஎஸ்டிஎன் லைன் வந்து முடியும் அந்தச் சின்னப் பெட்டிக்கு நம் வீட்டுக் கரண்ட் வேண்டும். நம் ஊர் கரண்டின் லட்சணம் தெரிந்ததுதானே. கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வாங்கி வைத்திருப்போம், இந்தப் பெட்டியை சுவர் பிளக்கில் செருகியிருப்போம். இன்றைக்கு உங்கள் பைபர் மோடத்துக்கும் இதே கதைதான், அதையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

இனி ஒத்திசைவு. வேலையின் உயிரே இதுதான், என் பணம் போனதும் இங்கேதான். படத்தின் ஒரு பிரதி சென்னையில், இன்னொரு பிரதி என்னிடம். ஓரத்தில் டைம்கோடு, அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் நேரம் காட்டும் எண், ஓடும் டேப். படத்தை லைனில் அனுப்ப அன்றைக்கு வழியே இல்லை, 128 கிலோபிட்டில் சத்தம் போவதே பெரிய காரியம். ஆகவே இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் டேப்பை ஓடவிட வேண்டும் என்பது திட்டம். சென்னையில் "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று சொல்லி அவர்கள் பிளே அழுத்துவார்கள், அந்தக் குரலைக் கேட்டு நான் அழுத்துவேன். இதில் என்ன நடக்கிறது பாருங்கள். குரலைச் சுருக்கி, லைனில் ஏற்றி, இந்தப் பக்கம் விரித்து என் காதுக்குக் கொண்டுவர அந்தக் கருவிகளுக்குச் சுமார் 200 மில்லிசெகண்ட் ஆகிறது. விநாடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் ஒரு பிரேம் 40 மில்லிசெகண்ட். ஆகவே என் படம் அவர்கள் படத்தைவிட 5 பிரேம் பின்னால் ஓடுகிறது. அதைப் பார்த்து வித்வான் சரியான இடத்தில் எடுக்கிறார். அந்த நாதம் திரும்ப சென்னைக்குப் போக இன்னொரு 5 பிரேம். அவர்கள் கண்ணுக்கு மொத்தம் 10 பிரேம், கிட்டத்தட்ட அரை விநாடி தாமதம். திரையில் சுவாமியைத் தோளில் தூக்கிப் புறப்பாடு கிளம்பிவிட்டது, புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி அதற்கப்புறம் மெதுவாக வருகிறது.

சென்னையில் இருந்த டைரக்டர் என்ன செய்தார்? "ஐயா, இன்னும் கொஞ்சம் முன்னாடியே எடுங்க" என்றார். வித்வானும் அனுபவஸ்தர், பொறுமையாக முன்கூட்டியே எடுத்தார். அங்கே சரியாக உட்கார்ந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி, "ஓகே, சூப்பர்" என்றார்கள். இங்கே என் ஹார்ட் டிஸ்கில் பதிவானது என்னவோ, படத்துக்கு அரை விநாடி முந்திக்கொண்டு ஓடும் நாயனம். அந்த சிடியை ராத்திரி ஆம்னி பஸ்ஸில் போட்டு அனுப்பி, காலையில் அவர்கள் படத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு இடமும் சேரவில்லை. மொத்தமாக 10 பிரேம் தள்ளி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. முன்கூட்டி எடுக்கச் சொன்னால் மனிதர் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அளவுக்கு முந்துவார். அளவான தாமதத்தைத் திருத்தலாம், மனிதரின் உத்தேசத்தைத் திருத்த முடியாது. ஒரு ராத்திரி முழுக்க வாசித்தது குப்பைக்குப் போனது. தவில்காரருக்கும் சுருதிக்கு ஒத்து ஊதுபவருக்கும் சேர்த்து அன்றைய சன்மானம் என் கையிலிருந்து.

அடுத்த யோசனையும் சென்னையிலிருந்துதான். இசையமைப்பாளர் அங்கிருந்தே கையால் தாளம் போடுகிறேன், அதைக் கேட்டு வாசிக்கட்டும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் தாளம் போடும்போது இங்கிருந்து போகும் நாயனத்தையும் கேட்கிறார். அது தாமதமாக வருகிறது, ஆகவே அவர் கை தன்னையறியாமல் கொஞ்சம் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு இங்கே வந்து சேரும்போது தவில்காரர் இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறார். தாளம் ஒரு சுற்று, அதாவது ஒரு ஆவர்த்தனம், போவதற்குள் காலப்பிரமாணம், அதாவது வேகம், படுத்துவிட்டது. வித்வான் நாயனத்தைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அங்க தாளம் போடுறவரு என் பின்னாடி வர்றாரு, நான் அவரு பின்னாடி போறேன். யாரு முன்னாடி போறது?" என்றார். இரண்டு ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் ஒருவழித் தாமதம் 25, 30 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் எவ்வளவு பெரிய லய ஞானஸ்தர்களாக இருந்தாலும் இழுக்கத்தான் செய்யும். அன்றைய கோடெக்குகளில் அது நடக்கிற காரியமில்லை. எம்பெக் லேயர் 2 முறையில் சுருக்கி விரிப்பதற்கு மட்டுமே கணக்குப்படி குறைந்தது 35 மில்லிசெகண்ட், எம்பி3 என்று நாம் சொல்லும் லேயர் 3-இல் 59. நிஜக் கருவிகளில் இதைவிடப் பல மடங்கு ஆகும்.

வித்வான் கேட்ட அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது. முன்னால் போக வேண்டியவர் வாசிப்பவர். படமும், வயலின் கூட்டத்தின் மாதிரிக் கலவையும், தாளம் காட்டும் கிளிக் சத்தமும் எல்லாமே அவர் இருக்கும் இடத்தில், அங்கிருந்தே ஓட வேண்டும். அவருக்கு லைனிலிருந்து ஒன்றும் வரக்கூடாது, இடையில் பேசும் பேச்சைத் தவிர. அவர் வாசிப்பது என் கருவியில் என் படத்துக்குச் சரியாகப் பதிவாகிவிடும். மிச்சம், சென்னையில் இருப்பவர்களுக்குச் சரியாகக் காட்டுவது. அதற்கு அவர்கள் டேப் 200 மில்லிசெகண்ட் தாமதமாக ஓடினால் போதும். சத்தம் போகும் அதே பாதையிலேயே டைம்கோடையும் ஏற்றி அனுப்பிவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் போய் இறங்கும். அங்கே வந்து இறங்கும் டைம்கோடைப் பின்தொடர்ந்து அவர்கள் டேப்பும், வயலின் டிராக்குகளும் ஓடட்டும். அவர்கள் பார்ப்பது முழுக்க 5 பிரேம் பழசு, ஆனால் எல்லாமே ஒரே அளவுக்குப் பழசு. பழசு என்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

சொல்வது சுலபம். டைம்கோடு என்பது விநாடிக்கு 25 பிரேம், பிரேமுக்கு 80 பிட் என்று 2000 பிட்டை ஒலியாக மாற்றிக் கீச்சென்று கத்தும் ஒரு சமிக்ஞை. இடது பக்கம் நாயனம், வலது பக்கம் டைம்கோடு என்று ஸ்டீரியோவாக அனுப்பிப் பார்த்தோம். கோடெக் மனிதக் காதுக்காகச் செய்தது. காதுக்குத் தேவையில்லை என்று அது நினைப்பதை வெட்டிப்போடும். டைம்கோடு ரீடருக்குக் காது ஏது? சென்னையில் டேப் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. சரி, ஒரு சேனலில் சத்தம், இன்னொரு சேனலில் டைம்கோடு என்று இரண்டு தனி அழைப்பாகப் போட்டோம். இரண்டும் வேறு வேறு வழியில் போய்ச் சேர்ந்தன, தாமதமும் வேறு வேறு. இரண்டு சேனல்களையும் ஒன்றாகக் கட்டி ஒரே அகலப் பாதையாக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கருவியே நேராக்கிவிடும், நாமாகத் தனித்தனியே போட்டால் நேராக்க ஆளில்லை. கடைசியில் பின்பக்கம் டேட்டா போர்ட் உள்ள இன்னொரு கோடெக்கை வாடகைக்கு எடுத்தோம். சத்தத்தின் பொட்டலத்துக்குள்ளேயே கொஞ்சம் தரவையும் வைத்து அனுப்பும் வசதி அது. டைம்கோடை அந்த வழியே எண்ணாகவே அனுப்பினோம். வாடகை ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் அன்று ராத்திரி முதல்முறையாக டைரக்டர் வாயிலிருந்து "முன்னாடி", "பின்னாடி" என்ற வார்த்தையே வரவில்லை. நான் எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

தாமதத்தை அளப்பது எப்படி என்று அந்தத் தம்பியும் கேட்டான். இங்கே மைக் முன்னால் ஒரு தட்டு தட்டுங்கள். அந்தப் பக்கம் வந்ததை அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். தட்டியதையும் திரும்பி வந்ததையும் இரண்டு டிராக்கில் பதிவு செய்து நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே கருவி, ஒரே அமைப்பு என்றால் அதில் பாதிதான் ஒருவழித் தாமதம். இதை அழைப்பு அறுந்து திரும்பப் போடும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். ஐஎஸ்டிஎன்னில் இணைப்பு அறுகாத வரை தாமதம் மாறாது, ஆனால் மறுபடி டயல் செய்தால் வேறு அளவாக இருக்கும். எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பிய ஒளிபரப்பாளர் சங்கத்தின் பரிந்துரை, சத்தம் படத்தைவிட 40 மில்லிசெகண்டுக்கு மேல் முந்தக்கூடாது, 60-க்கு மேல் பிந்தக்கூடாது என்கிறது. முந்துவதற்கு ஏன் குறைவான சலுகை என்றால், இயற்கையில் சத்தம் முந்துவதே கிடையாது. சத்தம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. சன்னதித் தெருவில் 14 மீட்டர் தள்ளி நின்று தவிலைக் கேட்டாலே ஒரு பிரேம் தாமதம்தான், நாம் பிறந்ததிலிருந்து அதற்குப் பழகியிருக்கிறோம். தவில் தோலில் கோல் விழுமுன் சத்தம் வந்தால் மட்டும் உடனே உறுத்தும்.

இன்னொரு விஷயம் கடிகாரம். ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது, எதுவும் மற்றதோடு முழுதாக ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 3 நிமிடத் துண்டில் 9 மில்லிசெகண்ட், கவலையில்லை. 40 நிமிட ஆலாபனையை ஒரே மூச்சில் பதிவு செய்தால் 120 மில்லிசெகண்ட், அதாவது 3 பிரேம் விலகியிருக்கும். பெரிய ஸ்டுடியோவில் எல்லாக் கருவிக்கும் ஒரே கடிகாரத்தைக் கம்பி வழியே கொடுப்பார்கள். நம்மால் ஆனது, துண்டின் தலையிலும் வாலிலும் கேமராவுக்குத் தெரிய ஒரு தட்டு, அல்லது படத்தோடு வரும் பீப். இரண்டு முனையும் சேர்ந்தால் நடுவும் சேரும்.

பெரிய அடி விழுந்தது வேறு இடத்தில். சினிமா பிலிம் விநாடிக்கு 24 பிரேம். நம் நாட்டு டிவி, டேப் எல்லாம் 25. பிலிமை டேப்பில் ஏற்றும் இடத்தில் ஒரு பிரேமுக்கு ஒரு பிரேம் என்று ஏற்றிவிட்டால் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும், 90 நிமிடப் படம் 86 நிமிடம் 24 விநாடியில் முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. சத்தமும் அதோடு சேர்ந்து ஓடினால் சுருதி அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். எங்களுக்கு வந்த டேப் அப்படிப்பட்டது, அதைப் பற்றி ஒரு வரி எழுதியனுப்பவில்லை. முதலில் கண்டுபிடித்தது வித்வான்தான். மாதிரிக் கலவையைக் கேட்டவுடனே, "இரண்டரைக் கட்டைன்னு சொன்னீங்க, இது மூணு கிட்ட நிக்குதே தம்பி" என்றார். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. சென்னையில் கேட்டேன். "டேப் சரியாத்தான் இருக்கு, சுருதியை ஏத்திக்குங்க" என்று பதில் வந்தது. வித்வான் இரண்டரைக் கட்டை நரசிங்கம்பேட்டை நாயனத்தை உறையில் போட்டுவிட்டு, மூன்று கட்டை நாயனத்தை எடுத்து, வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றி மாற்றிச் சுருதியை அந்த டேப்பின் அளவுக்கு இறக்கி வாசித்தார். கடைசி மிக்ஸிங்கில் எங்கள் பதிவை 24 பிரேம் படத்தோடு வைத்தால் நீளம் குறைகிறது, சுருதி மேலே நிற்கிறது. "கும்பகோணத்துக் கம்ப்யூட்டர் வேகமா ஓடுது" என்று பழி என் தலையில். உண்மை தெரிந்து, 4 சதவீதம் மெதுவாக்கிப் பார்த்தார்கள். சுருதி சேர்ந்தது. ஆனால் நாயனத்தின் கணீர் போய், கமகங்கள் சோம்பல் முறித்த மாதிரி ஆகிவிட்டன. இசையமைப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் காதைக் குறை சொல்லமாட்டேன். மறுபடி முதலிலிருந்து, இரண்டரைக் கட்டையில், 24-க்குச் சரிசெய்த படத்தோடு. அந்தச் செலவை அவர்கள் ஏற்கவில்லை. மொத்த வேலையில் எனக்குக் கிடைக்க வேண்டிய லாபம் அதோடு போய், கைக்காசும் கொஞ்சம் போனது.

இதைத் தவிர்க்க ஒரு எளிய சோதனை உண்டு, பின்னால்தான் தெரிந்தது. படம் தொடங்க 2 விநாடிக்கு முன்னால் ஒரு பிரேம் நீளத்துக்கு 1000 ஹெர்ட்ஸ் பீப் வைப்பது வழக்கம். படத்தோடு சேர்த்து ஏற்றிய பீப் என்றால் டேப்பிலிருந்து அதை எடுத்து அளந்து பாருங்கள். 1000 வந்தால் சரி. 1042 வந்தால் 24-ஐ 25-இல் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வித்வான் காதில் கேட்டதும் இதைத்தான். இன்றைக்கு வீடியோ கோப்பாக வருகிறது, 23.976, 24, 25, 30 என்று இன்னும் அதிகக் குழப்பம். சாம்பிள் கணக்கு, அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது, 44.1 கிலோஹெர்ட்ஸாக உள்ள கோப்பை 48 என்று ஓட்டிவிடும் கூத்தும் நடக்கிறது. வேலை ஒத்துக்கொள்ளுமுன் பிரேம் கணக்கையும் சாம்பிள் கணக்கையும் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும், பின்னால் பழி வரும்போது காட்ட உதவும்.

லைனில் கேட்கும் தரத்தை வைத்துச் சண்டை வரும், அதற்கும் தயாராக இருங்கள். தவிலின் வலந்தலையில் விரல் கூடு படும் சத்தம் ஊசி மாதிரிக் கூர்மையானது. குறைந்த பிட்டில் சுருக்கும்போது அந்த அடிக்கு முன்னாலேயே ஒரு சரசரப்பு பரவும். "தவில்ல மண்ணு கொட்டுற மாதிரி இருக்கு, மைக்கை மாத்துங்க" என்று அங்கிருந்து கத்துவார்கள். மைக்கை மாற்றாதீர்கள். இங்கே ஹார்ட் டிஸ்கில் 24 பிட்டில் பதிவாகிறதே, அதுதான் மாஸ்டர். லைன் என்பது சம்மதம் வாங்குவதற்கு மட்டும். முதல் துண்டை சிடியில் போட்டு முந்தின நாளே அனுப்பி, நிஜத் தரம் இது என்று காட்டிவிட்ட பிறகு எனக்கு அந்தச் சண்டை நின்றது. வெறும் பேச்சுக்கும் ஒத்திகைக்கும் ஜி.722 என்ற சுருக்கும் முறையே போதும். 64 கிலோபிட்டில் 7 கிலோஹெர்ட்ஸ் வரைதான் வரும், ஆனால் தாமதம் மிகக் குறைவு.

பணம் இன்னொரு ஓட்டை வழியாகவும் போனது. இரண்டு சேனல் என்றால் இரண்டு எஸ்டிடி அழைப்பு, இரண்டுக்கும் மீட்டர் ஓடும். எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு 1 ரூபாய் என்ற திட்டமெல்லாம் 2006-இல்தான் வந்தது. வித்வான் சீவாளியை நனைத்து, ஊதிப் பார்த்து, வேண்டாம் என்று வைத்து, இன்னொன்றை எடுத்துப் பக்குவப்படுத்துவார். அவசரப்படுத்த முடியாது, படுத்தவும் கூடாது. அந்த நேரம் முழுக்க லைன் திறந்தே கிடந்தது, துண்டித்தால் மறுபடி தாமதம் அளக்க வேண்டுமே என்ற பயம். பில் வந்தபோது என் ஸ்டுடியோ வாடகையைவிட அதிகம். பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சுருதி சேர்த்து, ஒத்திகை பார்த்து, மைக் அளவெல்லாம் முடிந்தபின்தான் அழைப்பு. வெற்றிலை போடுவதென்றால் துண்டித்துவிடுவது.

இப்போது பைபர் காலம். வேகம் ஏராளம், ஆனால் இணையத்தில் தாமதம் ஒரே அழைப்புக்குள்ளேயே ஏறி இறங்கும், அந்த ஒரு விஷயத்தில் ஐஎஸ்டிஎன் எவ்வளவோ மேல். சோர்ஸ் கனெக்ட் மாதிரியான மென்பொருள்களில் இரண்டு ஊரின் எடிட்டிங் மென்பொருள்களையும் சேர்த்து ஓட்டும் வசதி இருக்கிறது. அவை செய்வதும் நாங்கள் டேட்டா போர்ட்டில் செய்ததன் சொகுசான வடிவம்தான். ஜூமில் செய்வதென்றால் பேச்சுக்கான இரைச்சல் நீக்கத்தை அணைத்து, இசைக்கான அசல் ஒலி அமைப்பைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒத்தின் நீண்ட நாதத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அது தின்றுவிடும். டைரக்டர் புளூடூத் ஹெட்போன் மாட்டியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள், அதுவே பல பிரேம் தாமதம் சேர்க்கும். பெரிய எல்இடி டிவியில் பார்க்கிறார் என்றால் அதுவும் படத்தை அலங்கரிக்க நேரம் எடுத்துக்கொள்ளும், கேம் மோடில் போடச் சொல்லுங்கள். வைஃபை வேண்டாம், இரு பக்கமும் கேபிள்.

அந்தத் தம்பிக்கு நான் கடைசியாகச் சொன்னது கட்டணத்தைப் பற்றி. வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் விலை சொல்லாதே. லைன் சோதிக்கும் நேரம், தாமதம் அளக்கும் நேரம், அந்தப் பக்கத்து ஆள் தன் அமைப்பைச் சரிசெய்யும்வரை வித்வானோடு நீ காத்திருக்கும் நேரம், இதற்கெல்லாம் தனியாக ஒரு தொகை போட்டு முன்பணமாக வாங்கு. அவர்கள் பக்கத்துக் கோளாறால் மறுபதிவு என்றால் வாத்தியக்காரர்களின் சன்மானம் அவர்களுடையது என்றும் எழுதிக்கொள். "அப்படிக் கேட்டா வேலை போயிடுமே அண்ணே" என்றான். போகட்டும் என்றேன்.